மேல் வரி

மைத்துனன் நீட்டிய காகிதத்தைப் பண்ணைக்காரர் தொடவில்லை. பத்து விரலிலும் பன்றிக்குட்டிகளின் கழிச்சல்.

"டாக்டர்கிட்ட குடுடா. லேப் ரிப்போர்ட்டுக்காக மூணு நாளா கண்ணு பூத்துப்போய்க் கிடக்கேன்."

"மாமா, அக்கா உங்கள உடனே வரச் சொன்னா..."

"உங்கக்காவுக்கு எப்பவும் அவசரம்தான். மொதல்ல குட்டிங்க, அப்புறம்தான் உங்கக்கா."

விடிந்ததிலிருந்து கொட்டிலில் ஒன்பது குட்டிகள் செத்திருந்தன. பத்தாவது, தாயின் மடியருகே தண்ணீராகப் பேதி போய்ச் சுருண்டு கிடந்தது.

இத்தனைக்கும், வருமுன் தடுக்கிறேன் பேர்வழி என்று, குட்டி தீனி தின்னத் தொடங்கிய நாளிலிருந்தே ஆன்டிபயாடிக் பொடியை அள்ளிக் கலந்தவர் அவர். கலந்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குள் போய் மகளுக்குச் சோறு ஊட்டுகிற மகராசன்.

கால்நடை டாக்டரின் கண் காகிதத்தின் மேல் வரியிலேயே நின்றுவிட்டது.

"ஐயா, இது..."

"மேல என்னத்தப் பாக்கறீங்க? கீழ படிங்க. எந்த மருந்து கேக்கும்?"

டாக்டரின் குரல் இறங்கியது. "எட்டு மருந்து போட்டுப் பாத்திருக்காங்க. குடல்ல இருக்கிற கிருமி எட்டுக்கும் அசையல. தினம் ஒரு பிடி பொடி போட்டு நீங்கதான் அதைப் பழக்கி வச்சிருக்கீங்க. தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?"

"புத்திமதியெல்லாம் அப்புறம். பிழைக்குமா, பிழைக்காதா?"

"ஒரே ஒரு ஊசி பாக்கி இருக்கு. பத்து நாள் விடாம போடணும். அதுவும் நிச்சயமில்ல. ஆனா போராடிப் பாக்கணும் ஐயா."

பண்ணைக்காரர் சிரித்துவிட்டார். "மருந்து கேக்காததோட மாரடிக்க எனக்கென்ன பைத்தியமா? இது போனா அடுத்த ஈத்து."

பத்தாவது குட்டியைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினார். சுவரில் ஒரே அடி. மற்ற ஒன்பதும் கிடந்த சாக்கில் அதையும் எறிந்தார்.

மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"பன்னிக்காடா அழற, கோழைப் பயலே?"

டாக்டர் காகிதத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கு. மேல இருக்கிறது உங்க பொண்ணு பேரு."