நூற்று நாற்பது கிலோ

"கொஞ்சமாவது வெட்கம் இருக்காடா உனக்கு?"

நான் கேட்டதை ஃபெர்கஸ் காதில் வாங்கவில்லை. பல்கலைக்கழகப் படகுக்கூடத்தின் வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூன்றாவது வெண்ணெய் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இருபது வருஷமாக இங்கே படகுகளைப் பழுது பார்க்கிறேன். இப்படி ஒரு சுயநலத்தைப் பார்த்ததில்லை.

இன்னும் ஒரு மணி நேரத்தில் எடை பார்ப்பார்கள். எடை குறைந்தவர்களுக்கான இரட்டையர் போட்டி. துடுப்புப் போடும் இருவரும் சேர்ந்து நூற்று நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது.

இவனுடைய ஜோடி இத்ரிஸ், அதற்காக மூன்று நாளாகப் பட்டினி. தண்ணீரைக்கூட மூடியில் அளந்துதான் குடிக்கிறான். இப்போதும் இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் ஓடிக்கொண்டிருந்தான், வியர்வையில் கால் கிலோவாவது இறங்கட்டும் என்று. அவனல்லவா பிள்ளை!

"அவன் வயித்தைக் காயப் போடுறான். நீ இங்க விருந்து கொண்டாடுறியா?"

"பசிக்குதுண்ணே" என்றவன், ஒரு பாட்டில் தண்ணீரையும் மடமடவென்று குடித்தான்.

எடை, நூற்று நாற்பத்தொன்றரை.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "இதுல கிடையாது. மத்தியானம் எடை வரம்பு இல்லாத பிரிவுல வேணா ஓட்டுங்க."

அதில் மலை மாதிரி ஆட்கள் வருவார்கள். போன வருஷம் நூலிழையில் தவறிய பதக்கம், இந்த வருஷம் கைக்கு வந்தே விட்டது என்றிருந்தோம். போச்சு.

"ஒரு பன்னுக்குப் பதக்கத்தை வித்துட்டியேடா, பாவி!" என்று கத்தினார் கோச் மொய்ரா. இத்ரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு ஆறவே இல்லை. ஃபெர்கஸின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"வாயைத் திறடா! எதுக்குடா இப்படிப் பண்ணின?"

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். இன்னும் ஒரு பன்.

"இதை இத்ரிஸ்கிட்ட குடுத்துடுங்கண்ணே. நான் குடுத்தா வாங்க மாட்டான்."

"என்னடா உளர்ற?"

"நேத்து குளியலறையில மயங்கி விழுந்து கிடந்தான். நான்தான் தூக்கினேன். கோச்சுகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். இன்னிக்கு ஆத்துக்கு நடுவுல விழுந்திருந்தா?"

"அதுக்கு..?"

"சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன். சாப்பிட மாட்டேன்னு பண்ணலையேண்ணே!"