பாரிஸ் புலி, ஏம்பலம்

“நாலு கிலோ மொளகா, ரெண்டு கிலோ தனியா. கல்யாண வூட்டுக்கு. நைசா அரைச்சுக் குடுங்கண்ணே.”

குனிந்து மாவு சலித்துக்கொண்டிருந்த நான் நிமிரவில்லை. முகத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. அந்தக் குரல் மூன்று வருஷமாக என் காதுக்குள் இருக்கிறது.

சத்யா. பூரணாங்குப்பத்து மீன்கார வீட்டுப் பெண். பப்ஜியில் என் குழுவில் விளையாடுகிறவள். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

விமானத்திலிருந்து நூறு பேரை வெறுங்கையோடு குதிக்கவிட்டு, கடைசிவரை சாகாதவன் ஜெயித்தான் என்று சொன்ன விளையாட்டு அது. அதைப் பார்த்து உலகத்தில் எத்தனையோ விளையாட்டுகள் மாறிவிட்டன என்கிறார்கள். இருக்கலாம். ஏம்பலத்தில் மாறியது மாவு அரைக்கிற நேரம்.

அப்புறம், நான்.

ஊரில் நான் மாவு மில் கிளாட்சன். விளையாட்டில் என் பெயர் பாரிஸ் புலி. பிரான்ஸ் ராணுவத்தில் வேலை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் பிரான்சில் ஒரு சித்தப்பாவாவது இருப்பார். இந்தப் பொய்யை எவனும் சந்தேகப்பட மாட்டான்.

அங்கே மணி என்ன என்று கேட்டால், வெயில் காலத்தில் மூன்றரை மணி நேரம் கழிப்பேன், குளிர்காலத்தில் நாலரை. இந்த அக்கறையைப் பத்தாவதில் காட்டியிருந்தால் கணக்கில் தேறியிருப்பேன்.

பின்னால் மில் ஓடுகிற சத்தம் கேட்டால்? கேம்ப்பில் ஹெலிகாப்டர் இறங்குகிறது என்பேன்.

இத்தனை வீரத்துக்கும், குழுவில் முதலில் குண்டடி பட்டுத் தவழ்வது நான்தான். ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து தூக்கிவிடுவது சத்யா. “நகராதீங்கண்ணா, நான் வரேன்” என்பாள். என்னை மரியாதையாகக் கூப்பிட உலகத்தில் ஒருத்தி இருந்தாள் என்றால் அவள்தான். என் பெண்டாட்டிகூட ‘நீங்க’ என்று சொன்னதில்லை. அவள் சொல்லாததற்கு நியாயம் இருக்கிறது.

போன வாரம் விளையாட்டுக்கு நடுவில் சத்யா கேட்டாள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. தன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மேடைக்குக் கூட்டிவர ஒரு அண்ணன் வேண்டும், வருவீங்களா என்றாள்.

கர்னல் ரொம்பக் கண்டிப்பு, லீவு தரமாட்டார் என்றேன்.

இப்போது அவள் என் எதிரில் மிளகாய்த் தூக்கோடு நிற்கிறாள். வாயைத் திறந்தால் போயிற்று. தொண்டையைத் தொட்டு, கையை ஆட்டி, குரல் போய்விட்டது என்று ஜாடை காட்டினேன்.

அரிசி மாவுக்குக் காத்திருந்த தையலம்மாள் விடவில்லை.

“இன்னாடா கிளாட்சா, வாயில கொழுக்கட்டையா? இப்பதான என்னாண்ட அந்தச் சண்ட போட்ட?”

அடுத்தது மில். சுவிட்சைப் போட்டால் அவளுக்குத் தெரிந்த ஹெலிகாப்டர் இறங்கும். கரண்ட் இல்லை என்று இரண்டு கையையும் விரித்தேன்.

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து அதைப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லாமல் சுவிட்சைப் போட்டேன்.

அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தாவணி போட்ட நாளிலிருந்து ஹெலிகாப்டருக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள்போல மூக்கை மட்டும் மூடிக்கொண்டாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அரைத்து முடிந்தது. தூளை ஆறவைத்துத் தூக்கில் கொட்டி மூடினாள். போகும்போது, தராசுத் தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்தாள்.

“ஞாயித்துக்கெழம. குடும்பத்தோட வந்துடுங்க.”

மில்லுக்கு வருகிறவர்கள் வைப்பதுதான். ஊமையாகக் கும்பிட்டேன்.

வெளியே அவள் வண்டியில் தூக்கைக் கட்ட ஆரம்பித்த பிறகுதான் பிரித்தேன். சாமி பெயர், முகூர்த்தம், தாத்தா பெயர், அப்பா பெயர். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே மாமன்கள், சித்தப்பாக்கள். அவர்களுக்கெல்லாம் மேலே, முதலாவதாக ஒரு வரி.

‘அண்ணன்: கிளாட்சன், மாவு மில், ஏம்பலம்.’

பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் எப்போதோ காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது.

அப்படியென்றால் போன வாரம் அவள் கேட்டபோதே இது அச்சாகி வந்திருக்கிறது. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் என் வாயிலிருந்து வரட்டும் என்று கேட்டிருக்கிறாள். நான் கர்னலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டுக்கு நடுவில் மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தையலம்மாளோடு நான் போட்ட சண்டைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பேரையும் ஊரையும் இழுக்காமல் அவள் என்னைத் திட்டியதில்லை. பூரணாங்குப்பத்திலிருந்து இங்கே வருவதற்குள் வழியில் எத்தனை மில் இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

“யாருடா அந்தப் பொண்ணு?” என்றாள் தையலம்மாள்.

வாசலுக்குப் போனேன். சத்யா இன்னும் கிளம்பவில்லை. கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, என் சொந்தக் குரலில் கேட்டேன்.

“முகூர்த்தம் எத்தன மணிக்கும்மா?”

அவள் திரும்பவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“ஆறு மணிக்கு. நீ அஞ்சுக்கே வந்துடு. மொளகா நெடி போவ நல்லா குளிச்சிட்டு வா.”