கயிறு எடுக்கப் போனவன்

கெல்டிக் மக்கள் வாழும் நாடு ஒன்றின் மேற்குக் கோடியில், கடலைப் பார்த்தபடி ஒரு நெடுங்கல் சாய்ந்து நின்றது. நாலாயிரம் வருஷமாக அப்படித்தான் நின்றது. வழக்கமாக அதன் தலையில் வந்து உட்காரும் கடற்காகம் ஒருநாள் கேட்டது: “உன்னை எதுக்குத்தான் இங்க நட்டாங்க?”

“அதுதான் எனக்கும் குழப்பமா இருக்கு,” என்றது கல். “முதல்ல வந்தவங்க என்னைச் சாமின்னு சொல்லி வெண்ணெய் பூசினாங்க. அடுத்து வந்தவங்க பேய்னு சொல்லி நெத்தியில சிலுவை செதுக்கினாங்க. போன வாரம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து என் சாய்வை அளந்தாங்க. கோடையில சூரியன் மறையிற இடத்தை நான் காட்டுறேனாம்.”

“காட்டுறியா?”

“யாருக்குத் தெரியும்? என்னை நட்டவன் பேரு ப்ரெனோ. நட்டுட்டு நாலடி பின்னால போய் நின்னு பார்த்தான். ‘கோணலா இருக்கே, கயிறு எடுத்துட்டு வந்து நிமித்திடறேன்’னு சொல்லிட்டுப் போனான். மழை பிடிச்சுக்கிச்சு. அப்புறம் ஆளையே காணோம்.”

மறுநாள் காலையில் இரண்டு பேர் கயிற்றுச் சுருளோடு வந்தார்கள். “ப்ரெனோ அனுப்பின ஆளுங்கதான், என்னை நிமித்தப் போறாங்க!” என்றது கல். அவர்கள் கல்லைச் சுற்றி நான்கு கம்பு ஊன்றிக் கயிற்றைக் கட்டினார்கள். ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

“என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டது கல்.

காகம் எட்டிப் பார்த்துப் படித்தது. “‘புனிதச் சாய்வு. யாரும் உள்ளே வரக் கூடாது.’”

கல் தன்னைச் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தது.

“அப்போ ப்ரெனோ வந்தா, எந்தப் பக்கமா உள்ள வருவான்?”