பாதரசமும் மஞ்சள் கயிறும்
புக்கிட் பெருந்துங் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்து ஆபீஸ் பின்னால், காற்றிலுள்ள பாதரசத்தை அளக்கும் வெள்ளைப் பெட்டி காலை வெயிலில் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. வருஷம் ஒருமுறை ஊசியால் பாதரச ஆவி செலுத்தி அதைச் சரிபார்க்க வரும் பிரேமலா, வளையலைக் கழற்றிவிட்டுத் தாலிச் சங்கிலியையும் கழற்றக் கைவைக்கிறாள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப்போகும். ஆபீஸ் கூட்டும் கலாவதிக்கு அது பொறுக்கவில்லை. பெட்டியோரம் தானே நட்டு வளர்த்த மஞ்சள் செடியைக் கெல்லி, ஒரு துண்டைக் கயிற்றில் முடிந்துகொண்டு ஓடி வருகிறாள். "வெறுங்கழுத்தோட நிக்காத லா! மொதல்ல இதக் கட்டு." கயிறு கழுத்துக்கு ஏறுகிறது, சங்கிலி கலாவதியின் உள்ளங்கைக்குள் போகிறது. இறுக மூடிய கையோடு எட்டி நின்று பெட்டியை முறைக்கிறாள். வேலை முடிந்ததும் பிரேமலா திரையைப் பார்த்துச் சிரிக்கிறாள். "பன்னெண்டு வருஷமா கோடு எறங்கிக்கிட்டே வருதுக்கா. காத்துல பாதரசம் நல்லாவே கொறஞ்சிருக்கு." கலாவதியின் முகம் மலர்கிறது. "அப்ப அடுத்த வருஷம் தாலியக் கழட்ட வேணாமில்ல?" "கொறஞ்சத அளக்கவும் இந்தப் பாதரச ஊசியப் பிடிக்கணுமே, கழட்டத்தான் வேணும்கா." கலாவதி உதட்டைச் சுழிக்கிறாள். சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சக் கிழங்கைப் பெட்டியின் காலடியிலேயே புதைத்து, மண்ணைக் காலால் அழுத்தி மிதிக்கிறாள். "அடுத்த வருஷத்துக்கு ஆச்சு லா."