இலை போட்ட காபி

கல்லூரி விட்டதும் அமலி வேலை பார்க்கும் காபி கடையில், நுரையில் இலை வரைந்து பழகுவதற்குப் பாலை வீணாக்க விடமாட்டார்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பை விட்டு நீராவி கொடுத்தால் அதுவும் பாலைப் போலவே நுரைக்கும். காபியின் மேல் ஊற்றினால் இலையும் விழும். அப்படிப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா முதல்முறையாகக் கடைக்கு வந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள். அமலி அவசரமாகக் கையிலிருந்த ஜக்கைச் சாய்த்தாள். அதுவரை கைக்கு வராத அழகான இலை ஒன்று விழுந்தது. கோப்பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பால் ஜக் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அதற்குள் அம்மா பாதி குடித்திருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

அம்மா மற்ற மேசைகளில் ரசித்துக் குடிப்பவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பெரிய கடைக் காபின்னா வேற மாதிரிதான்டி இருக்கு. எலுமிச்சம்பழ வாசனைகூட வருது."

மிச்சத்தைக் குடிக்காமல் வைத்துவிடச் சொல்ல அமலி வாயெடுத்தாள். அம்மா பக்கத்து மேசைப் பெண்ணிடம் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "எம்பொண்ணு போட்டது" என்றாள். பிறகு அதையும் குடித்து முடித்தாள்.

"அப்பா வண்டிகிட்டயே நிக்கிறாருடி. கூப்பிடுறேன், அவருக்கும் ஒண்ணு போடு. ருசி மாறாம இதே மாதிரி."

ஒரே மாதிரியான இரண்டு ஜக்குகளுக்கு முன்னால் அமலி நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.