ஊறும் கற்கள்

கடல்மீன் தொட்டியில் அடுக்குவதற்காக மெய்ராம் வாங்கிய காய்ந்த பவளக்கற்கள், மாதக்கணக்கில் குளியலறை வாளியில் உப்புத்தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன.

“அல்மாட்டி ஊர்லயே கல்லை ஊறப்போட்ட ஒரே ஆம்பளை நீங்கதான். எப்போ குழம்பு வைக்கப் போறீங்க?” என்றாள் மனைவி ஷோல்பான்.

“கிண்டல் பண்ணாதே. கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க குடிவந்திருக்கு, அதுங்க தண்ணியில இருக்கிற அம்மோனியா விஷத்தைத் தின்னு தீர்த்தாதான் மீன் விடலாம். குறையவே மாட்டேங்குது, உள்ளே ஏதோ அழுகுது. இந்த வாரமும் இப்படியே இருந்தா, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவேன்.”

“நல்லதாப் போச்சு!”

மறுநாள் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பியவன், குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டான். ஷோல்பான் குனிந்து, வாளிக்குள் விருந்தாளிகளுக்கு வைக்கும் குதிரைக்கறித் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னடி பண்றே?”

“கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க குடிவந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? நம்ம வீட்டுக்கு வந்ததுங்களை இத்தனை மாசமா வெறும் உப்புத்தண்ணியோடயா உட்கார வைக்கிறது?”