ஓடைக்குள் இரண்டு முழங்கால்கள்

ரப்பர்ப் பால் எடுத்து முடிந்த மத்தியான நேரம். தோட்டத்து ஓரத்தில் ஓடும் ஓடையில், ஒரு பாறைமேல் உட்கார்ந்து முட்டி முழுகக் கால்களை நீட்டியிருக்கிறாள் பேச்சாயி. மலையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர் உடம்பை வெடவெடக்க வைக்கிறது. வீங்கின முட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் வை என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் சொன்னதிலிருந்து தினமும் வருகிறாள். இலைகளுக்கு நடுவே விழும் வெயில் தண்ணீருக்கடியில் அவள் கால்கள்மேல் ஆடுகிறது. வலி மெல்ல மரத்துப்போக, அவை யாரோ ஒருத்தியின் கால்கள் போலக் கிடக்கின்றன. பக்கத்து நிரை மரங்களில் பால் வெட்டுகிற வீரம்மா, வெறும் வாளியை ஆட்டியபடி கரையில் வந்து நிற்கிறாள். "அக்கா, எந்திரிக்க முடியலையா? கை குடுக்கவா?" "எனக்கென்ன கேடு? சும்மா இந்தச் சுங்கைத் தண்ணில குளிக்கலாம்னு வந்தேன்லா. நீ போ, வாரேன்." நடக்க முடியாதவள் என்று கங்காணி காதுக்கு எட்டினால் வேலைக்கு ஆகாதவள் என்று கடல் தாண்டிப் பிறந்த ஊருக்கே கப்பலேற்றிவிடுவார்கள். இங்கே புருஷனைப் புதைத்த இடமாவது இருக்கிறது. அங்கே அவளுக்கு யாருமில்லை. வாளிச் சத்தம் மரங்களுக்குள் தேய்ந்து மறைகிறது. கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் வேரைப் பிடித்து எழப் பார்க்கிறாள். முட்டி மடங்கி, மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறாள். "வீரம்மா" என்று கூப்பிடுகிறாள். ஓடையின் இரைச்சலில் அந்தக் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.